வருஷ விருந்துவரை பேசாத வீடு

அத்தியாயம் 14

மெதெர்பெக் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

முழங்கால்வரை ஏரி. காலணிகள் இரண்டும் கையில். கரையில் நின்ற புருல்சாவைப் பார்த்துச் சிரித்தார்.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. இறங்கேன்."

"எனக்கு வேலை கிடக்கு. அடுப்புல பால் வச்சிருக்கேன்."

"எப்பப் பாரு உனக்கு அடுப்புல பால்தான்."

"நீங்கதான் மேல வாங்களேன்."

"கதவைச் சாத்தி வச்சிருக்கியே, எப்படி வர்றது?"

ஏரிக்கு ஏது கதவு என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே தோட்டம் தெரியவில்லை. ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி ஆப்ரிகாட் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, முற்றத்துக் கொடிக்கயிறுவரை வந்து நின்றிருந்தது. தான் எழுந்துவிட்டோமா, இன்னும் கரையில்தான் நிற்கிறோமா என்று அவளுக்குச் சற்றுநேரம் பிடிபடவில்லை. பக்கத்துப் படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

சரி, எழுந்தாயிற்று.

அவர் போன பிறகு இந்த மரங்கள் ஒருமுறை பூத்து, பழுத்து, உதிர்ந்துவிட்டன. அடுத்த வாரம் அஷ். குதிரை அறுத்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, போனவரை முழுசாக வழியனுப்புகிற வருஷ விருந்து. அது முடியும்வரை வீட்டில் அழலாம், சிரிக்கலாம், அவரைப் பற்றி எத்தனை கதை வேண்டுமானாலும் சொல்லலாம். சொத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. விருந்துக்கு முன்னால் பங்கு பேசியவர்களின் பெயர் ஏரிக்கரை முழுக்க எப்படி நாறும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். முந்தாநாள் முன்பின் தெரியாத ஒரு ஆள் வரும்வரை.

வேலியை நாடா வைத்து அளந்தான். மரங்களை எண்ணினான். யாரப்பா நீ என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரங்க அனுப்பினாங்க" என்றான். பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் சமைத்து, கூட்டி, மெழுகி, கட்டிய புருஷனையும் அங்கிருந்தே அடக்கத்துக்கு அனுப்பிவைத்த புருல்சா, வீட்டுக்காரர் யார் என்று தெரியாமல் வாசலில் நின்றாள்.

நேற்று மாலை மிர்லான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து இறங்கினான். மெதெர்பெக்கின் முதல் தாரத்துப் பிள்ளை, கடைக்குட்டி. விருந்துக்குக் குதிரை பார்க்க வந்தேன் என்றான். அவளும் வேறெதுவும் கேட்கவில்லை. அவனும் வேறெதுவும் சொல்லவில்லை.

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். இறந்தவர் கனவில் வந்தால் ஏழு ரொட்டி பொரிக்கவேண்டும். அந்த வாசனைதான் அவருக்குப் போய்ச் சேரும் சாப்பாடு. மூன்றாவது ரொட்டி பொரியும்போதே மிர்லான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, அப்பா வந்தாரா?"

தன் அப்பாவின் இரண்டாம் மனைவியை அவன் ஆரம்பம் முதலே அக்கா என்றுதான் கூப்பிட்டான். அந்தப் பக்கம் அதில் ஒரு குறையும் இல்லை.

"வந்தார், தம்பி."

"என்ன கேட்டார்?"

"கதவைத் திறக்கச் சொன்னார்."

"எந்தக் கதவை?"

"அதைச் சொல்லல. உசிரோட இருந்தப்பவே உங்கப்பா எதையும் பாதிதான் சொல்வார்."

மிர்லான் சிரித்தான். சிரித்துவிட்டு ரொட்டியை எடுக்கக் கை நீட்டினான். கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏழும் ஆகட்டும். பறக்காத."

எண்ணெய் மெல்ல முணுமுணுத்தது. கடைசி ரொட்டியைப் புரட்டிப் போட்டபோது, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"வேலியை அளக்க ஆள் அனுப்பினது நீயா?"

அவன் முகம் சிவந்தது. "நானா? பக்கத்து வீட்டு சாய்ரா போன்ல சொன்னதும், நீங்கதான் வீட்டை விக்கப் பாக்கறீங்கன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாம ஓடி வந்திருக்கேன்!"

"அப்ப குதிரை?"

"குதிரையும்தான்."

"நான் எதைடா விப்பேன்? என்கிட்ட என்ன இருக்கு? இந்தச் சட்டியா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகப்பட்டது இருவருக்குமே வெட்கமாக இருந்தது. யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் போனது அதைவிடப் பயமாக இருந்தது.

"கராகோல் டவுனுக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்ப்போம் அக்கா."

"அஷ் முடியலயே!"

"நாம பேசப் போறதில்லையே. கேக்கத்தானே போறோம்? பேசறது வேற, கேக்கறது வேற."

"உங்கப்பா புத்தி அப்படியே வந்திருக்கு உனக்கு."

ரொட்டிகளை அக்கம்பக்கத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினார்கள். மூடுபனிக்குள் சாலை போய்க்கொண்டே இருந்தது. கூடவே ஏரியும் வந்தது. தெரியவில்லை, ஆனால் வருகிறது என்று தெரிந்தது. பாப்ளார் மரங்கள் வெள்ளைக்குள்ளிருந்து ஒன்று ஒன்றாகக் கிளம்பி வந்து, காரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. புருல்சா கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். எங்கே போகிறோம் என்பதே மறந்து, இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும்போல் இருந்தது.

சந்தைக்குப் பக்கத்தில் பெரிய பலகை மாட்டிய வக்கீல் ஒருவர் இருந்தார். உட்கார்வதற்குள் தேநீர் வந்தது.

"வீடா? கவலையே வேண்டாம்!" என்றார் மிர்லானிடம். "கடைக்குட்டிப் பிள்ளை நீங்க. வீடு உங்களுதுதான்."

"அப்ப நான்?" என்றாள் புருல்சா.

"நீங்க மனைவியாச்சே! வீடு உங்களுதுதான் அம்மா. எல்லாம் நான் முடிச்சுத் தர்றேன்."

அவர் எப்போது இறந்தார் என்று கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. தெருவுக்கு வந்ததும் புருல்சா நின்றாள்.

"அந்த மனுஷன் ஒரே வீட்டை ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டாரு, கவனிச்சியா?"

"இன்னும் கொஞ்சம் உக்காந்திருந்தா டீ கொண்டுவந்த பொண்ணுக்கும் கொடுத்திருப்பாரு."

பசித்தது. சந்துக்குள் புகுந்து ஆளுக்கொரு கிண்ணம் குளிர்ந்த காரச் சேமியா வாங்கிக்கொண்டார்கள். கடைக்காரி கிண்ணத்தை நீட்டியபடி அவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"சாவு வீடா, சொத்தா?"

"ரெண்டும்தான்," என்றான் மிர்லான்.

"நீல ஜன்னல் வீட்டுக்குப் போங்க. மாடியில ஹலிமான்னு ஒருத்தங்க. என் தங்கச்சிக்கு அவங்கதான் பார்த்தாங்க. முதல்ல திட்டுவாங்க. பயப்படாதீங்க. வக்கீல் திட்டினாத்தான் நாம சொல்றதைக் கேட்டாங்கன்னு அர்த்தம்."

நீல ஜன்னல் வைத்த பழைய மரவீடு. படி ஏறும்போது ஒவ்வொரு பலகையும் ஒரு சுரத்தில் முனகியது. மேலே, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த பெண்மணி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு நாற்காலிகள்.

"யாருக்கு வேலை?"

"ரெண்டு பேருக்கும்தான்," என்றாள் புருல்சா.

"ரெண்டு பேருக்கும் முடியாது. ஒரு வீடு, ரெண்டு ஆள். நாளைக்கு நீங்க அடிச்சுக்கிட்டா நான் யார் பக்கம் நிக்கறது?"

"எங்களுக்குள்ள சண்டையே கிடையாது," என்றான் மிர்லான்.

"இதைப் பத்தி இதுவரைக்கும் பேசியிருக்கீங்களா?"

"இல்ல."

"பேசாதவங்களுக்கு எப்படிப்பா சண்டை வரும்?" ஹலிமா விதைத்தோலைத் தட்டில் துப்பினாள். "பொதுவா நாலு கேள்வி கேக்கறேன். ரெண்டு பேரும் கேட்டுக்கலாம். அதுக்கப்புறம் ஒருத்தர் என் ஆள். இன்னொருத்தர் வெளிய போயிடணும். சம்மதமா?"

தலையாட்டினார்கள்.

"உயில் இருக்கா?"

"ஐயோ, இல்ல. அதை எழுதினா சாவைக் கூப்பிட்டு உக்கார வைக்கிற மாதிரின்னு சொல்வார்."

"கூப்பிடாமலேயே வந்துடுச்சு. சரி. உங்க கல்யாணம்?"

"நிக்காஹ் ஆச்சு. இமாம் வந்தார். உப்புத் தண்ணிக் கிண்ணத்துல காசு போட்டு, ரெண்டு பேரும் ஒரே கிண்ணத்துல குடிச்சோம்."

"அழகுதான். ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணீங்களா?"

புருல்சா மடியைப் பார்த்தாள். "பனி கரைஞ்சதும் போலாம்பார். பனி கரைஞ்சா தோட்டத்துல வேலை. அப்புறம் பழம் பறிக்கணும். அப்புறம் மறுபடியும் பனி."

"அப்ப அல்லாவுக்கு முன்னால நீங்க மனைவி. சட்டத்துக்கு முன்னால இல்ல."

அறைக்குள் மூடுபனி வந்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. பனி கரைவதும் மூடுவதுமாகப் பதினான்கு வருஷங்கள் வெள்ளையாக ஜன்னலைத் தாண்டிப் போயின. ஒன்றிலும் தான் இல்லை என்கிறாள் இவள்.

மிர்லான் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஹலிமா அவனிடம் திரும்பினாள்.

"நீ ரொம்ப நிமிராத. கடைக்குட்டியா?"

"ஆமா. வீடு கடைக்குட்டிக்குத்தான்னு எங்க வழக்கம்."

"வழக்கம் உங்களோடது. சட்டத்துல பிள்ளைங்க எல்லாரும் ஒண்ணுதான். கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அக்கா. ஜில்தீஸ். மாஸ்கோவுல தையல் வேலை."

"அப்பா போனப்புறம் நோட்டரிகிட்டப் போய், எனக்குப் பங்கு வேணும்னு எழுதிக் கொடுத்தியா?"

"எப்படிப் போறது? அஷ் இன்னும் முடியலயே!"

ஹலிமா கண்ணாடியைக் கழற்றினாள். கடைக்காரி சொன்ன திட்டு இப்போது வந்தது.

"அஷ் ஒரு வருஷம். சட்டம் கொடுக்கறது ஆறு மாசம்! இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துலதான் இந்த ஏரிக்கரைக் குடும்பத்துல பாதி விழுந்து கிடக்கு. செத்தவருக்கு மரியாதைன்னு வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்து, அவர் கட்டின வீட்டைத் தொலைக்கிறீங்க. இதுவா மரியாதை?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் கை காட்டினாள்.

"எதிர்த்தாப்புலதான் நோட்டரி ஆபீஸ். அப்பா பேர்ல ஃபைல் ஏதாவது திறந்திருக்கான்னு கேட்டுட்டு வா. பிள்ளைங்கறதால உனக்குச் சொல்வாங்க." புருல்சாவைப் பார்த்தாள். "உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

அவன் படியிறங்கிப் போகும் சத்தம் மேலேயிருந்து கீழேவரை கேட்டது. ஹலிமா விதைப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் நீங்க ரெண்டு பேருமே என் ஆள் இல்ல. அதனால சட்டத்துல இருக்கறதை மட்டும் சொல்றேன். பென்ஷன் வாங்கறீங்களா?"

"வாங்கறேன். பேருக்கு."

"அவர் வீட்டுலயே இருந்து, அவர் போட்ட சோத்துலதான் இருந்தீங்களா?"

"அவர் போட்ட சோறா? நான் ஆக்கின சோறு," என்றாள் புருல்சா. பிறகு குரல் தாழ்ந்தது. "அவர் வருமானம்தான்."

"அப்ப ஒரு வழி இருக்கு. மனைவியா இல்ல, அவரை நம்பி வாழ்ந்த வயசானவங்கன்னு ஒரு பங்கு கேக்கலாம். நீங்க அந்த வீட்டை விட்டு நகரவே இல்லைங்கறது உங்களுக்குச் சாதகம்."

"பங்கு யார்கிட்டேருந்து வரும்?"

"பிள்ளைங்க பங்குலேருந்துதான். பங்கு கேக்கற ஆள் குறைஞ்சா, உங்க பங்கு பெருசு."

"மிர்லான்?"

"அவன் ஊர்ல இல்ல, எழுதியும் கொடுக்கல. அவன் கதை முடிஞ்ச மாதிரிதான். அந்த ஆறு மாசத்துக்குள்ள வந்து வீட்டைத் தன் வீடா பார்த்துக்கிட்டிருந்தா, அதுவே ஏத்துக்கிட்ட மாதிரி. ஆனா அதைக் கண்ணால பார்த்தவங்க யாராவது வந்து சொல்லணும்."

புருல்சா ஒரு விதையை எடுத்தாள். உடைக்கவில்லை.

அவர் போன கையோடு வந்த குளிர்காலம். பனி நிற்காமல் கொட்டிய நாட்கள். ஒரு விடியலில் தலைக்குமேல் கரகரவென்று சத்தம். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தாள். வெள்ளை வானத்தை ஒட்டினாற்போல் கூரைமேல் ஓர் ஆள், மண்வாரியால் பனியைச் சரித்துக்கொண்டு நிற்கிறார். அதே தோள். அதே சாய்வு. மெதெர்பெக் என்று கூப்பிடவே கூப்பிட்டுவிட்டாள். திரும்பிய முகம் மிர்லானுடையது. கூரை முறிந்துவிடுமோ என்று பயந்து பஸ் பிடித்து வந்தேன் என்றான். மரக்கிளைகளைக் கழித்தான். புகைக்குழாய் வெடிப்பை அடைத்துப் பூசினான். தேநீர் குடித்தான். போய்விட்டான்.

அப்போது சாய்ரா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. பார்த்தது புருல்சா மட்டும்.

வாயைத் திறக்காவிட்டால் போதும். அதுதான் ஒரு வருஷமாகப் பழகிப்போயிற்றே.

படிகள் முனகின. இந்தமுறை மெதுவாக. மிர்லான் வாசலிலேயே நின்றான்.

"ஃபைல் இருக்கு. ஜில்தீஸ் திறந்திருக்கா. அப்பாவோட நாப்பதாம் நாளுக்கு வந்தாளே, அப்பவே. அவ பேர் மட்டும்தான். நான் அந்த வீட்டுல இல்லன்னு சொல்லியிருக்கா. இந்த அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது."

"கூடப் பிறந்தவளேவா?" என்றாள் ஹலிமா.

"என்னைத் தூக்கி வளர்த்தவ." அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சு. அப்புறம் இங்க எனக்கென்ன வேலை? வாங்க அக்கா, குதிரையைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போவோம். அஷ்ஷை ஒழுங்கா நடத்துவோம்."

புருல்சா எழுந்தாள். ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை.

"நீ உக்காரு, தம்பி."

"அக்கா..."

"உக்காருங்கறேன்ல?" ஹலிமாவைப் பார்த்தாள். "குளிர்காலத்துல வந்தான். கூரை மேல ஏறிப் பனி தள்ளினான். கிளை கழிச்சான், குழாய் பூசினான். வேற யாரும் பார்க்கல, நான் பார்த்தேன். சொல்லணும்னா எங்க வேணா வந்து சொல்றேன்."

ஹலிமாவின் கை பேனாவைத் தேடியது. "அப்பா பொருள் ஏதாவது எடுத்துட்டுப் போனானா?"

"தொப்பி. அன்னைக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"எங்க இருக்கு அது?"

"அவன் தலையிலதான்."

மிர்லான் அவசரமாகக் கழற்றி மேசைமேல் வைத்தான். வெள்ளைக் கம்பளித் தொப்பி, ஓரத்தில் கறுப்பு நூல் வேலை. ஹலிமா முதன்முறையாகச் சிரித்தாள்.

"சாட்சியைத் தலையில போட்டுக்கிட்டே எனக்கு ஒண்ணும் இல்லங்கறான்!" பிறகு சிரிப்பை மடித்து வைத்தாள். "அம்மா, இப்ப சொன்னதை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவன் உள்ள வந்தா உங்க பங்கு சுருங்கும். இவன் என் ஆள் ஆயிட்டா, உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேச முடியாது."

"புரியுது."

"பின்ன ஏன்?"

"பனியைத் தள்ளினது அவன்தானே? நான் தள்ளினேன்னா சொல்றது?"

மிர்லான் தலை குனிந்தான். ஹலிமா ஒரு துண்டுச்சீட்டில் ஏதோ எழுதி நீட்டினாள்.

"தோகோன்னு ஒரு வக்கீல். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. கோர்ட்ல எனக்கு எதிரா நின்னா என் உசிரை வாங்கிடுவாரு. உங்களுக்கு அவர்தான் சரி. சந்தைப் பக்கத்து வக்கீல்கிட்டப் போயிடாதீங்க."

"போயிட்டுத்தான் வந்தோம்."

"வீடு கொடுத்தாரா?"

"ரெண்டு பேருக்கும்."

வெளியே வந்து கதவைத் தானே சாத்திக்கொண்டாள். படியின் உச்சியில் உட்கார்ந்தாள். கீழே தெருவில் மூடுபனி இன்னும் விலகவில்லை. ஒரு குதிரைவண்டி மணியோசையாக மட்டும் போயிற்று. உடம்பு லேசாக இருந்தது, தண்ணீரில் மிதக்கிறவளைப்போல. சற்றுமுன் எதை விட்டுக்கொடுத்தோம், எவ்வளவு என்று கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் ஹலிமா கேள்வி கேட்பதும், மிர்லான் பதில் சொல்வதும் வேறு வீட்டுப் பேச்சுபோல் கேட்டன.

கைப்பையில் போன் அதிர்ந்தது. ஜில்தீஸ்.

"அக்கா... தனியா இருக்கீங்களா?"

"இருக்கேன், சொல்லும்மா."

"மிர்லான் கொஞ்ச நேரம் முன்னால கூப்பிட்டான். ஒண்ணும் பேசல. மூச்சு மட்டும் விட்டுட்டு வச்சுட்டான். அவனுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"தெரிஞ்சுடுச்சு. எனக்கும்."

மறுமுனையில் தையல் இயந்திரங்கள் மழைபோல் பெய்துகொண்டிருந்தன.

"வேலியை அளந்த ஆள் நீ அனுப்பினவனா?"

"ஆமாக்கா." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா விக்கறதுக்கு இல்ல."

"பின்ன?"

"அப்பா கடைசியா என்கிட்ட ஒண்ணு கேட்டார். என்கிட்ட மட்டும். சத்தியம் வாங்கிட்டார். அஷ் முடியட்டும் அக்கா. நான்தான் வர்றேனே. விருந்து முடிஞ்சதும் உங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்றேன். அதுக்கு முன்னால பேசினா தப்பு."

புருல்சா படியின் கைப்பிடியைப் பற்றி எழுந்து நின்றாள்.

"ஒரு வருஷமா வாயைப் பொத்திப் பொத்தி, இன்னைக்கு உன் தம்பி இங்க ஒரு வக்கீல்கிட்ட, நான் இங்க வாசப்படியில. விருந்து அது பாட்டுக்கு நடக்கட்டும். நீ இப்பவே சொல்லு."

"அக்கா, ஊர்ல என்ன பேசுவாங்க..."

"பேசட்டும். நீ சொல்லு ஜில்தீஸ். நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அங்கே ஒரு கதவு சாத்தப்படும் ஓசை. இயந்திரங்களின் மழை நின்றது. ஜில்தீஸ் ஒரு நீண்ட மூச்சை இழுத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.